லேசர் கண் சிகிச்சை: பணக் கணக்கும் மைக்ரான் கணக்கும்

கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று லேசர் சிகிச்சைக்கு விசாரிக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் மருத்துவர் வேறொரு கணக்கைப் போட்டுப் பார்த்தாக வேண்டும். உங்கள் கருவிழி எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன், அதில் எவ்வளவைச் செதுக்க வேண்டியிருக்கும், செதுக்கிய பிறகு எவ்வளவு மிஞ்சும்? பணம் செலவானால் மறுபடி சம்பாதிக்கலாம். கருவிழியின் உள்ளடுக்கில் செதுக்கி எடுத்த திசு திரும்ப வளராது. அதனால் மைக்ரான் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கருவிழி என்று இங்கே சொல்வது, கடிகாரத்தின் மேல் கண்ணாடி மூடியிருப்பதுபோல் கண்ணின் முன்னால் வளைந்து நிற்கும் நிறமில்லாத படலத்தை. அதில் ரத்தக் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்து கண்ணீர் வழியாக எடுத்துக்கொள்கிறது. நடுவில் அதன் தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ்தான் ஒளியைக் குவிக்கிறது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கண்ணின் மொத்தக் குவிக்கும் திறன் சுமார் 60 டயாப்டர் (கண்ணாடி பவரை அளக்கும் அதே அலகு) என்றால் அதில் 43 கருவிழியுடையது. காற்றிலிருந்து ஈரமான திசுவுக்குள் நுழையும் இடத்தில்தான் ஒளி அதிகமாக வளைகிறது. தண்ணீரில் முங்கிக் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கலாகத் தெரிகிறதே, அதற்குக் காரணம் இதுதான். வெளியிலும் தண்ணீர், கருவிழியும் ஏறக்குறைய தண்ணீர். ஒளி வளைவதற்கு அங்கே வேலையே இல்லை.

கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கண் உருண்டை முன்பின்னாகக் கொஞ்சம் நீண்டிருக்கும். 1 மில்லிமீட்டர் நீண்டாலே ஏறக்குறைய மைனஸ் 2.5 முதல் 3 வரை பவர் வந்துவிடும். பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. நீண்ட உருண்டையைக் குறுக்க எந்த லேசராலும் முடியாது. அதற்குப் பதிலாகக் கருவிழியின் நடுப்பகுதியைக் கொஞ்சம் தட்டையாக்கி, பிம்பத்தைப் பின்னால் தள்ளுகிறார்கள். தூரப்பார்வைக்கு இதற்கு நேர்மாறு: ஓரத்தில் வளையமாகச் செதுக்கினால் நடு மேடாகும். கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே அளவாக வளையாததால் வரும் சிலிண்டர் பவருக்கு ஒரு திசையில் கூடுதலாகவும் மற்றதில் குறைவாகவும்.

இந்த யோசனை லேசரைவிட மூத்தது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஹோசே பராக்கர் என்ற கண் மருத்துவர், கருவிழியின் மேலடுக்கைச் சீவி எடுத்து, உறைய வைத்து, கடைசல் இயந்திரத்தில் செதுக்கி, திரும்பக் கண்ணில் வைத்துத் தைத்தார். பிறகு சோவியத் நாட்டில் ஃபியோதரோவ், கருவிழியில் சக்கரத்தின் ஆரக்கால்கள்போலக் கத்தியால் கீறி அதைத் தட்டையாக்கினார். இரண்டிலும் கைத்திறமையை நம்பித்தான் எல்லாம். மைக்ரான் அளவில் செதுக்கும் உளி ஒன்று தேவைப்பட்டது.

அது கிடைத்த விதம் எனக்கு எப்போதும் பிடித்த கதை. 1981 நவம்பர் 27. அமெரிக்காவில் நன்றி நவிலல் திருநாளுக்கு மறுநாள். ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை பார்த்த, இந்தியாவில் பிறந்த வேதியியலாளர் ரங்கசாமி ஸ்ரீனிவாசன், முந்தைய நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். அவரும் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் என்ற சகாக்களும் பிளாஸ்டிக்கில் நுண்ணிய வடிவங்கள் செதுக்க எக்ஸைமர் லேசரைப் பயன்படுத்தி வந்தவர்கள். அதே லேசரை அந்த வான்கோழித் திசுவின்மேல் செலுத்தினார்கள். வெட்டு விழுந்தது, ஆனால் ஓரத்தில் கருகல் இல்லை. வேறொரு சாதாரண லேசரால் வெட்டியபோது ஓரம் தீய்ந்து போயிருந்தது.

காரணம் அந்த ஒளியின் அலைநீளம்: 193 நானோமீட்டர், புற ஊதாக் கதிர். அதன் ஒவ்வொரு ஒளித்துகளுக்கும் புரதத்திலுள்ள கார்பன் பிணைப்புகளை அறுக்கப் போதுமான ஆற்றல் உண்டு. அறுபட்ட மூலக்கூறுகள் வெப்பம் பக்கத்துக்குப் பரவும் முன்பே ஆவியாகப் பறந்துவிடுகின்றன. ஒரு துடிப்புக்குச் சுமார் கால் மைக்ரான் திசு போகும். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், அதைத் தாண்ட 280 துடிப்புகள் வேண்டும். இப்படி ஓர் உளியைத்தான் கண் மருத்துவம் தேடிக்கொண்டிருந்தது. ஸ்டீபன் டிரோக்கெல் என்ற கண் மருத்துவர் ஸ்ரீனிவாசனோடு சேர்ந்து, இதைக் கருவிழியில் பயன்படுத்தலாம் என்று 1983-இல் காட்டினார்.

சரி, எவ்வளவு செதுக்க வேண்டும்? இதற்கு ஓர் எளிய சூத்திரம் இருக்கிறது. செதுக்கும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தைப் பவரால் பெருக்கி, 3-ஆல் வகுத்தால் ஆழம் மைக்ரானில் வரும். 6 மில்லிமீட்டர் வட்டம், மைனஸ் 5 பவர் என்றால் 36 பெருக்கல் 5, வகுத்தல் 3: அறுபது மைக்ரான். பரவலாகச் செய்யப்படும் லாசிக் முறையில் முதலில் கருவிழியின் மேலடுக்கை ஒரு மடலாக வெட்டித் திறப்பார்கள். அது சுமார் 110 மைக்ரான். 540-இல் 110-உம் 60-உம் போனால் மீதி 370. தாராளம்.

இப்போது வேறொருவரை எடுத்துக்கொள்வோம். தடிமன் 500, பவர் மைனஸ் 10. செதுக்க 120, மடல் 110, மீதி 270. மடலுக்கு அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. தாண்டவில்லை என்றாலும், மொத்தத் தடிமனில் 46 சதவீதத்தில் கை வைத்தாயிற்று. 40-ஐ நெருங்கினாலே பல மருத்துவர்கள் தயங்குவார்கள். வட்டத்தை 7 மில்லிமீட்டராகப் பெரிதாக்கினால் செதுக்கும் ஆழம் 163 ஆகி, மீதி 227-க்கு இறங்கிவிடும். வட்டத்தைச் சிறிதாக்கினாலும் சிக்கல்தான். இரவில் கண்ணின் பாப்பா, அதாவது ஒளி நுழையும் நடுத் துளை, விரியும்போது செதுக்காத ஓரத்தின் வழியாகவும் ஒளி நுழைந்து, எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். அதிகப் பவர் உள்ள பலருக்கு, "உங்களுக்கு லேசர் வேண்டாம், கண்ணுக்குள் லென்ஸ் வைக்கலாம்" என்று மருத்துவர் சொல்வது இந்தக் கணக்கினால்தான்.

மடலைத் திரும்ப மூடிவிடுகிறார்களே, அதை ஏன் கழிக்க வேண்டும்? மடல் ஒட்டிக்கொள்ளும், ஆனால் பழையபடி பாரம் தாங்காது. கண்ணுக்குள்ளிருந்து எப்போதும் அழுத்தம் இருக்கிறது. மிஞ்சியது மெலிந்துபோனால் கருவிழி மெல்ல மெல்ல முன்னால் புடைத்துக் கூம்பாகிவிடும். அப்படி ஆனால் பார்வை கெடும். கண்ணாடியாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

அதனால்தான் இந்தச் சிகிச்சையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய பரிசோதனை. கருவிழி வரைபடம் எடுக்கும் கருவியில் தாடையை வைத்து, நெற்றியை ஒட்டி, நடுவில் தெரியும் ஒளியைப் பார்க்கச் சொல்வார்கள். சில வினாடிதான். திரையில் ஒரு வண்ண வட்டம் வரும்: மேடான இடம் சிவப்பு, தட்டையான இடம் நீலம், நடுவாந்தரம் பச்சை. மேலும் கீழும் ஒத்த வடிவம் இருந்தால் நல்லது. கீழ்ப்பாதியில் மட்டும் சிவப்பாக ஒரு திட்டு இருந்தால் மருத்துவர் அங்கேயே நின்றுவிடுவார். கெரட்டோகோனஸ் என்ற கூம்புக் கருவிழி நோயின் தொடக்கமாக அது இருக்கலாம். அந்தக் கண்ணில் லாசிக் செய்யக் கூடாது. கண்ணை அடிக்கடி அழுத்தித் தேய்க்கும் பழக்கம் உண்டா என்று கேட்பதும் இதற்காகத்தான்.

காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் மென்மையான வகையென்றால் 1 முதல் 2 வாரம், கடின வகையென்றால் இன்னும் அதிக நாட்கள் கழற்றி வைத்துவிட்டுத்தான் இந்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். லென்ஸ் கருவிழியை அழுத்தி வடிவத்தை மாற்றிவிடும். வரைபடம் பொய் சொல்லும். நேற்றுவரை லென்ஸ் போட்டிருந்தவருக்கு இன்று பரிசோதனை, நாளை சிகிச்சை என்று ஓரிடத்தில் அவசரப்படுத்தினால், எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம், வயது 18 தாண்டியிருக்க வேண்டும். பவர் ஒரு வருடமாவது மாறாமல் இருக்க வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் காத்திருக்க வேண்டும்.

சிகிச்சை நாளில் ஊசி கிடையாது, சொட்டு மருந்துதான் மரத்துப்போகச் செய்கிறது. இமைகளைச் சிறு கம்பிக் கவ்வி திறந்து பிடித்துக்கொள்ளும். கண்ணின்மேல் ஒரு வளையம் வந்து உறிஞ்சிப் பிடிக்கும். வலி இல்லை, அழுத்தம் தெரியும். சில நொடிகள் பார்வை மங்கி இருட்டும். முன்கூட்டித் தெரியாதவர்கள் பயந்துபோவது இந்த இடத்தில்தான். அந்த நேரத்தில் ஃபெம்டோ லேசர் மடலை வெட்டுகிறது. இது அகச்சிவப்பு ஒளி. கருவிழியை ஊடுருவிப் போய் 110 மைக்ரான் ஆழத்தில் மட்டும் குவிந்து நுண்குமிழிகளை உண்டாக்கும். தபால்தலை ஓரத்துத் துளைகள்போல் நெருக்கமாக அந்தக் குமிழிகள் பரவியதும் அடுக்கு பிரிந்துவிடும். பிறகு மடலைத் தூக்கி ஒதுக்கிவிட்டு, எக்ஸைமர் லேசர் செதுக்கும். மைனஸ் 5-க்கு அரை நிமிடம்கூட ஆகாது. முடி தீய்ந்தாற்போல ஒரு வாடை வரும். அது ஆவியாகும் திசுவின் வாடை. கண் லேசாக அசைந்தால் கேமரா பின்தொடர்ந்து கதிரையும் நகர்த்தும். அதிகம் அசைந்தால் லேசர் நின்றுவிடும். கடைசியில் மடலை மூடி, கழுவி, நீவி விடுவார்கள். தையல் இல்லை.

மடலே இல்லாத பிஆர்கே முறையில் மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டுச் செதுக்குவார்கள். அந்தத் தோல் 3 முதல் 5 நாளில் வளர்ந்து மூடிக்கொள்ளும். அதுவரை வலி உண்டு, பார்வை தெளிய வாரக்கணக்காகும். ஆனால் மடலுக்குப் போகும் மைக்ரான் மிச்சம். கருவிழி மெலிந்தவர்களுக்கும், முகத்தில் அடிபட வாய்ப்புள்ள விளையாட்டுக்காரர்களுக்கும் இதுவே பொருத்தம். ஸ்மைல் முறையில் ஃபெம்டோ லேசர் உள்ளே ஒரு மெல்லிய வில்லையை வெட்டிப் பிரிக்க, 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியாக அதை உருவி எடுக்கிறார்கள். பெரும்பாலும் கிட்டப்பார்வைக்கும் சிலிண்டருக்கும் மட்டுமே.

இனி பணம். இரண்டு இடத்தில் விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்றால், உங்கள் கண்ணுக்குச் செலவாகும் பொருள் குறைவு, சுற்றியுள்ள ஏற்பாடு பெரிது. லேசர் கருவிகளின் விலையும் வருடாந்தரப் பராமரிப்பும் அதிகம். ஃபெம்டோவும் எக்ஸைமரும் தனித்தனிக் கருவிகள்; பிளேடால் மடல் வெட்டும் பழைய லாசிக் மலிவாக இருப்பது அதனால்தான். ஒவ்வொரு கண்ணுக்கும் இவ்வளவு என்று கருவித் தயாரிப்பாளருக்கு உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கலாம். கண்ணில் ஒட்டும் அந்த உறிஞ்சும் பாகம் ஒருமுறைதான் பயன்படும். எக்ஸைமருக்கு ஆர்கான், ஃபுளோரின் கலந்த வாயுவை அவ்வப்போது மாற்ற வேண்டும். அறையின் ஈரப்பதமும் வெப்பநிலையும் மாறாமல் இருக்க வேண்டும். காற்று வறண்டால் திசுவும் வறண்டு, கணக்குக்கு மேல் செதுக்கப்பட்டுவிடும்.

விலை கேட்கும்போது ஒரு கண்ணுக்கா இரண்டுக்குமா, பரிசோதனைகளும் சொட்டு மருந்தும் அடுத்த மாதங்களின் வருகைகளும் சேர்த்தியா, பவர் கொஞ்சம் மிஞ்சினால் மறுபடி திருத்த யார் செலவு என்று கேட்டுவிடுங்கள். கண்ணாடி போட்டாலே பார்வை சரியாகிவிடும் என்பதால் பெரும்பாலான காப்பீடுகள் இதை அவசியமான சிகிச்சையாகக் கணக்கிடுவதில்லை.

முதல் சில மணி நேரம் மணல் விழுந்தாற்போல உறுத்தும், தண்ணீர் வடியும், தூங்கிவிடுவது நல்லது. கண்ணைத் தேய்க்கவே கூடாது, மடல் நகர்ந்துவிடும். கருவிழியின் நரம்புகள் அறுபட்டிருப்பதால் கண் வறட்சி பல மாதம் நீடிக்கலாம். 40 வயதுக்குப் பிறகு வெள்ளெழுத்தும் வரும்; அது உள்ளே இருக்கும் லென்ஸ் இறுகுவதால் வருவது, கருவிழியைச் செதுக்கியதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களின் நீண்ட கண் உருண்டை அப்படியேதான் இருக்கும். ஆகவே விழித்திரைப் பரிசோதனையை நிறுத்திவிடக் கூடாது.

வீடு திரும்பும்போது ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்: சிகிச்சைக்கு முந்தைய கருவிழி வளைவு, தடிமன், பவர், செதுக்கிய ஆழம் எல்லாம் குறித்த தாள். பல வருடம் கழித்துக் கண்புரை வந்தால், உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரம் செதுக்காத கருவிழிக்காக எழுதப்பட்டது. லேசர் செய்த விஷயம் தெரியாமல் கணக்கிட்டால், கிட்டப்பார்வைக்குச் சிகிச்சை செய்துகொண்டவர் தூரப்பார்வையோடு எழுந்திருப்பார். கருவிழி மெலிந்திருப்பதால், கண் அழுத்தத்தை அளக்கும் கருவியும் உண்மையான அளவைவிடக் குறைவாகத்தான் காட்டும். அன்றைக்கு உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கு அந்தத் தாள் வேண்டும். ஒரு நகல் எடுத்து வையுங்கள், மொபைலில் ஒரு படமும்.