பால் தீய்ந்தது தெரியாத மூக்கு

2021 மே மாதம். இரண்டாவது அலை உச்சத்தில் இருந்த நேரம். வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்து, எனக்குக் காய்ச்சல் விட்டு மூன்றாவது நாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்து, அடிப்பிடித்து, தீய்ந்தே போய்விட்டது. உள்ளறையிலிருந்து ஓடிவந்த அம்மா, "என்னடா இது, வீடே நாறுது, பக்கத்துலயே நிக்கிற!" என்றார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. மூக்கு அடைக்கவில்லை, சளியும் இல்லை. பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகில் வைத்துப் பார்த்தேன். வெறும் காற்று.

ஆனால் வெங்காயம் அரிந்தால் கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் உறைத்தது. காரத்தையும் எரிச்சலையும் மூளைக்குச் சொல்வது முகத்தில் ஓடும் முப்பிரிவு நரம்பு. வாசனையைச் சொல்வது முகர்வு நரம்பு. எனக்கு அறுந்திருந்தது இரண்டாவது கம்பி மட்டும்.

அந்தக் கம்பி தொடங்கும் இடம் மூக்கின் கூரை. கண்களின் உயரத்தில், தபால் தலை அளவுக்கு ஒரு ஈரத் திட்டு. அதில் பல லட்சம் நரம்புச் செல்கள். ஒவ்வொரு செல்லின் நுனியிலிருந்தும் மெல்லிய இழைகள் மூக்குநீருக்குள் தொங்குகின்றன. வாசனை மூலக்கூறு அந்த நீரில் கரைந்து, இழையில் இருக்கும் ஏற்பி என்ற புரதத்தில் பொருந்தினால் செல் மின்குறிப்பு அனுப்பும். மனிதருக்குச் சுமார் 400 வகை ஏற்பிகள். ஒரு செல்லுக்கு ஒரே வகைதான். இந்த ஏற்பிகளை உருவாக்கும் மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. இதே செல்லின் மறுமுனை வால்போல நீண்டு, சல்லடை மாதிரி ஓட்டைகள் உள்ள எலும்பு வழியாக நேரே மண்டைக்குள் போகிறது. ஒரு முனை வெளிக்காற்றில், மறுமுனை மூளையில்.

அதனால்தான் 2020இல் பலருக்கு வாசனை போனபோது ஆராய்ச்சியாளர்கள் பதறினார்கள். வைரஸ் இந்த நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறிவிட்டால்? அந்தப் பயம் நியாயமானது. மூக்கு வழியாக மூளைக்குப் போகும் கிருமிகள் உண்டு.

ஆனால் ஒரு கணக்கு இடித்தது. நரம்புச் செல் செத்துப்போய்ப் புதிதாக முளைத்து, சல்லடையைத் தாண்டி மூளையில் சரியான இடத்தைப் போய்ப் பிடிக்கப் பல வாரங்கள், சமயத்தில் மாதங்கள் ஆகும். பெரும்பாலானவர்களுக்கோ இரண்டு மூன்று வாரத்திலேயே வாசனை திரும்பிவிட்டது. அப்படியென்றால் செத்தது வேறு ஏதோ.

கொரோனா ஒரு செல்லுக்குள் நுழைய ஏசிஇ2 என்ற புரதம் வேண்டும். கதவுக்குக் கைப்பிடி மாதிரி. ஹார்வர்டில் சந்தீப் ராபர்ட் தத்தாவின் குழு, மூக்கின் கூரையில் உள்ள செல்களை வகைவாரியாகப் பிரித்து, எதில் இந்தக் கைப்பிடி இருக்கிறது என்று தேடியது. முகர்வு நரம்புச் செல்களில் இல்லை. அவற்றைச் சுற்றி நிற்கும் தாங்கு செல்களில் இருந்தது. நரம்புச் செல்லை நிமிர்த்திப் பிடிப்பது, சர்க்கரை ஊட்டுவது, மூக்குநீரின் உப்பளவைப் பார்த்துக்கொள்வது, வந்துபோன வாசனைத் துணுக்குகளைத் துடைத்தெடுப்பது எல்லாம் இந்தத் தாங்கு செல்களின் வேலை. வேலையாட்கள் ஒரே நாளில் படுத்துவிட்டால் முதலாளி உயிரோடு இருந்தும் கடை நடக்குமா? தொற்றிய ஹாம்ஸ்டர்களின் மூக்கில் அதுதான் தெரிந்தது: தாங்கு செல்கள் உதிர்ந்திருந்தன, நரம்புச் செல்களின் இழைகள் கழன்றுபோயிருந்தன. தாங்கு செல்கள் மறுபடி முளைக்க அதிக நாள் ஆகாது. சீக்கிரம் குணமானவர்களின் கதை இதுதான்.

என் கதை அதோடு முடியவில்லை. மாதக்கணக்கில் இழுத்தது. அதற்கான விளக்கம் 2022இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்டாவ்ரோஸ் லோம்வார்டாஸ் குழுவிடமிருந்து வந்தது. முகர்வுச் செல்லின் உட்கருவில், ஏற்பி மரபணுக்கள் வெவ்வேறு குரோமோசோம்களிலிருந்து வந்து ஓரிடத்தில் கூடித்தான் இயங்குகின்றன. தொற்றுக்குப் பிறகு அந்தக் கூட்டம் கலைந்துவிடுகிறது. செல் உயிரோடு இருக்கும், ஏற்பி மட்டும் தயாராகாது. இன்னும் ஒரு படி போனார்கள். தொற்றிய ஹாம்ஸ்டரின் ரத்தநீரை எடுத்து, புற ஊதாக் கதிரால் வைரஸைச் செயலிழக்கச் செய்து, ஆரோக்கியமான ஹாம்ஸ்டருக்குச் செலுத்தினார்கள். அதற்கும் அதே கோளாறு வந்தது. அந்த ரத்தநீரில் மிச்சமிருந்தவை, வைரஸைப் பார்த்து உடம்பு போட்ட கூச்சலின் வேதிப்பொருட்கள். நரம்புச் செல்லைக் கெடுக்க அந்தக் கூச்சலே போதுமாக இருந்தது.

எனக்கு மொத்த விஷயத்தின் சாவியும் இந்த இடத்தில்தான் இருப்பதாகப் படுகிறது. மூளைக்கும் இதே கதைதான் பெருமளவு பொருந்துகிறது.

'பிரெயின் ஃபாக்' என்று சொல்கிறார்களே, அதை எடுத்துக்கொள்வோம். பேசிக்கொண்டிருக்கும்போதே தெரிந்த சொல் நழுவிவிடும். ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று நிற்போம். ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மோன்ஜே புற்றுநோயாளிகளைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவர். கீமோதெரபி எடுத்தவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த குறையும் இதுவும் ஒன்றுபோல இருப்பதைக் கவனித்தவர். அவரும் யேல் பல்கலைக்கழகத்தின் நோயெதிர்ப்பு ஆய்வாளர் அகிகோ இவாசாகியும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட சோதனையில் ஒரு சாமர்த்தியம் உண்டு. சாதாரண எலியின் ஏசிஇ2, அவர்கள் பயன்படுத்திய கொரோனா வகைக்கு ஒத்துவராது. எனவே மனித ஏசிஇ2வை எலியின் சுவாசப் பாதையில் மட்டும் முளைக்கவைத்தார்கள். தொற்று அங்கேயே நின்றது, லேசாக வந்தது, ஒரு வாரத்தில் தீர்ந்தது. மூளையில் வைரஸ் இல்லை. இருந்தும் ஏழு வாரம் கழித்து மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியா இன்னும் முறுக்கிக்கொண்டே இருந்தன. நரம்புக் கம்பிகளுக்கு மயலின் உறை சுற்றும் செல்கள் குறைந்திருந்தன. உறை போனால் குறிப்பு தாமதமாகிறது, வழியில் தேய்கிறது. நினைவோடு சம்பந்தப்பட்ட ஹிப்போகாம்பஸில் புதிய நரம்புச் செல்கள் பிறப்பதும் குறைந்திருந்தது. சிசிஎல்11 என்ற அழற்சிப் பொருள் எலிகளில் ஏறியிருந்தது. நினைவுக் குறைபாடு சொன்ன மனிதர்களின் ரத்தத்திலும் அது கூடுதலாக இருந்தது.

இதற்கு மாறான சாட்சியும் உண்டு, மறைப்பதற்கில்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தினர் 2022 இறுதியில் வெளியிட்ட ஆய்வில், கொரோனாவோடு இறந்த 44 பேரின் உடல்களைப் பரிசோதித்தபோது சிலரின் மூளையிலும் வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ கிடைத்தது. ஒருவரிடம் நோய் தொடங்கி 230 நாள் ஆன பிறகும். ஆனால் அங்கே அழற்சியோ, வைரஸ் நேரடியாகச் செல்லை அழித்த தடயமோ பெரிதாக இல்லை. தீவிரமாக நோயுற்றவர்களுக்கு ரத்தம் உறைந்து பக்கவாதம் வருவது தனிக் கணக்கு. அதிலும் குறி ரத்தக்குழாய்தான்.

சரி, மனித மூளையில் இதை அளந்து பார்த்தவர்கள் உண்டா? ஆக்ஸ்ஃபோர்டின் க்வெனாயெல் டுவோவுக்கு ஓர் அபூர்வ வாய்ப்பு அமைந்தது. பிரிட்டனில் லட்சக்கணக்கானோரின் உடல்நலத் தகவலைச் சேகரிக்கும் யுகே பயோபேங்க் திட்டத்தில் தொற்றுக்காலத்துக்கு முன்பே பலருக்கு மூளை ஸ்கேன் எடுத்து வைத்திருந்தார்கள். அவர்களில் 785 பேருக்கு மறுபடி எடுத்தார்கள்; இடையில் 401 பேருக்குக் கொரோனா வந்துபோயிருந்தது, பெரும்பாலும் லேசாக. வந்தவர்களுக்கு, வாசனையோடு தொடர்புள்ள பகுதிகளில் சாம்பல் நிறப் பொருள் (நரம்புச் செல்கள் செறிந்த திசு) மற்றவர்களைவிட 0.2 முதல் 2 சதவீதம் வரை கூடுதலாகக் குறைந்திருந்தது. 'மூளை சுருங்கிவிட்டது' என்று தலைப்புப் போட்டார்கள். நான் அதை அவ்வளவு தூரம் நம்பவில்லை. வாசனையே வராத பகுதி வேலையில்லாமல் மெலிந்தாலும் படத்தில் இப்படித்தான் தெரியும். இவர்கள் 51 வயதுக்கு மேற்பட்டவர்கள் என்பதும் நினைவிருக்க வேண்டும்.

வாசனைக்கே திரும்புகிறேன், ஏனென்றால் என் மூக்கு மூன்றாம் மாதம் புதிய சேட்டையைத் தொடங்கியது. காலை ஃபில்டர் காபி எரிந்த ரப்பராக வீசியது. தமிழில் 'நாற்றம்' என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்து, பிறகு தலைகீழானது அல்லவா? அதே விபத்து என் டம்ளருக்குள் நடந்தது. இதற்குப் பாரோஸ்மியா என்று பெயர். ஏற்பிகள் அரைகுறையாகத் திரும்பும்போது, நூற்றுக்கணக்கான மணங்கள் கலந்த காபியிலிருந்து ஒன்றிரண்டு மட்டுமே மூளையை எட்டுகின்றன. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஜேன் பார்க்கர் காபி மணத்தைக் கூறுகூறாகப் பிரித்து, இந்தக் கோளாறு உள்ளவர்களை ஒவ்வொன்றாக முகரவைத்தார். அதிகம் பேர் முகம் சுளித்தது கந்தகம் கலந்த ஒரு மூலக்கூறுக்கு, 2-ஃபியூரான்மெத்தனெதியாலுக்கு. மற்றவர்களுக்கு அது வறுத்த காபியின் நல்ல வாசம்.

மருத்துவர் எனக்கு மாத்திரை எதுவும் எழுதவில்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் 2009இல் சோதித்துப் பார்த்த பயிற்சியைச் சொன்னார்: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு, காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் சில விநாடி, மனதில் அந்த வாசனையை நினைத்துக்கொண்டே முகர வேண்டும். குறைந்தது மூன்று மாதம். யூகலிப்டஸுக்குப் பதில் நீலகிரித் தைலம், அதுவும் அதேதான். தைலம் முதல் நாளே சில்லென்று தெரிந்து நான் துள்ளினேன். அது முப்பிரிவு நரம்பின் வேலை என்று பிறகுதான் புரிந்தது. ஏழாவது வாரம் கிராம்பு வந்தது, எங்கோ பக்கத்து வீட்டில் பிரியாணி வைப்பதுபோல மெலிதாக. காபி சரியாக ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டது. பெருங்காயம் இன்னும் பாதிதான்.