கார்ன் என்றால் சோளமா?

அமெரிக்கக் கடையில் விற்கும் சாதாரணத் தக்காளி கெட்சப்பின் பின்பக்கத்தைத் தமிழில் எழுதச் சொன்னால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: தக்காளி விழுது, வினிகர், உயர் ஃப்ரக்டோஸ் சோளப் பாகு, சோளப் பாகு, உப்பு. தடங்கலில்லாமல் படித்துவிடலாம். ஆனால் இரண்டு இடத்தில் வரும் அந்தச் சோளம் தப்பு.

நம் ஊரில் காலங்காலமாகச் சோளம் என்று சொல்லிவந்த செடி, தட்டையின் உச்சியில் குஞ்சம்போலக் கதிர் வைக்கும். மணி சிறியது, உருண்டை. தோசைக்கும் கூழுக்கும் போனது அதுதான், தட்டை மாட்டுக்கு. அமெரிக்கர்கள் கார்ன் என்பது மக்காச்சோளத்தை. அதன் கதிர் தண்டின் இடுப்பில், பச்சை உறைக்குள், நுனியில் பட்டுநூல்போல மயிர் தொங்க வளரும். கடற்கரையில் சுட்டு எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தேய்த்துத் தருகிறார்களே, அது. இலங்கைத் தமிழர் இதைச் சோளன் என்பார்கள்.

'மக்கா' இந்தி வழி வந்தது. மெக்காவிலிருந்து வந்த தானியம் என்பதால் அந்தப் பெயர் என்று சொல்பவர்கள் உண்டு. வெளியிலிருந்து வந்ததற்கு ஏதோ ஓர் ஊர்ப்பெயரை ஒட்டிவிடுவது நமக்கு மட்டுமான பழக்கமில்லை. இத்தாலியர்களுக்கு இது 'துருக்கித் தானியம்'. துருக்கியர்களோ இதை 'மிசிர்' என்கிறார்கள். அவர்கள் மொழியில் எகிப்துக்கும் அதே பெயர்தான். உண்மையில் இது பிறந்தது தெற்கு மெக்சிகோவில். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தியோசிந்தே என்ற காட்டுப் புல்லிலிருந்து அங்கே இருந்தவர்கள் வளர்த்தெடுத்தது. ஆங்கிலத்தில் இதற்குள்ள இன்னொரு பெயரான 'மெய்ஸ்' கரீபியத் தீவுகளின் தைனோ மக்களுடைய சொல். ஸ்பானியர்கள் வாயில் ஏறி ஐரோப்பாவுக்குப் போனது.

அப்படியானால் 'கார்ன்'? பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பொதுவாகத் தானியம் என்றுதான் பொருள். நம் பழைய சொல் 'கூலம்' போல. ஒற்றை மணியையும் அது குறிக்கும். பெப்பர்கார்ன் என்றால் மிளகு மணி. 'கார்ன்டு பீஃப்' என்ற உப்பிட்ட மாட்டிறைச்சியில் மக்காச்சோளம் துளியும் கிடையாது, அங்கே கார்ன் என்பது உப்புப் பரல். பிரிட்டனில் 1815 முதல் 1846 வரை இருந்த 'கார்ன் சட்டங்களை'ச் சோளச் சட்டங்கள் என்று எழுதினால் வரலாறே புரண்டுவிடும். அவை முக்கியமாகக் கோதுமையைப் பற்றியவை. தானியச் சட்டங்கள் என்பதே சரி. அமெரிக்காவுக்குக் குடியேறிய ஆங்கிலேயர்கள் அங்கே கண்ட புதுத் தானியத்தை 'இந்தியன் கார்ன்' என்றார்கள். நாளாவட்டத்தில் இந்தியன் உதிர்ந்து வெறும் கார்ன் நின்றது.

இன்று அயோவா, இல்லினாய் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும் பயிர் பெரும்பாலும் கடித்துச் சாப்பிடுகிற வகை அல்ல. காய்ந்தால் மணியின் தலையில் பல் பட்டதுபோல ஒரு குழி விழும் வகை. அதில் பெரும்பகுதி தீவனத்துக்கும் எத்தனாலுக்கும் போகிறது. தீவனமாகப் போனது இறைச்சியாகவும் முட்டையாகவும் பாலாகவும் தட்டுக்குத் திரும்பி வருகிறது. ஆலைக்குப் போகும் மணியைக் கந்தக டை ஆக்சைடு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஒன்றரை நாள் போல ஊறவைத்து, முளையைப் பிரித்து எண்ணெய் எடுக்கிறார்கள். மிச்சத்திலிருந்து மாப்பொருளை, அதாவது ஸ்டார்ச்சை, அலசி எடுக்கிறார்கள். அதை நொதி கொண்டு உடைத்தால் குளுக்கோஸ் பாகு, கெட்சப் பட்டியலில் வரும் 'கார்ன் சிரப்' இதுதான். அந்தக் குளுக்கோஸில் ஒரு பங்கை இன்னொரு நொதியால் ஃப்ரக்டோஸாக மாற்றினால் உயர் ஃப்ரக்டோஸ் பாகு. குளிர்பானத்தில் போவதில் ஃப்ரக்டோஸ் 55 சதவீதம். இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் அமெரிக்காவில் சர்க்கரை விலை உயர்ந்து நின்றபோது இது மலிவாகக் கிடைத்தது. 1984-இல் கோக்கும் பெப்சியும் அங்கே முழுக்க இதற்கு மாறின.

இந்தப் பெயரை வைத்தே ஓர் இழுபறி நடந்தது. பாகுக்குக் கெட்ட பெயர் வந்ததும், மக்காச்சோள ஆலைகளின் சங்கம் 2010-இல் அதைக் 'கார்ன் சுகர்' என்று அழைக்க அனுமதி கேட்டது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012-இல் மறுத்துவிட்டது. சர்க்கரை என்றால் கட்டியாக, உலர்ந்து, படிகமாக இருக்க வேண்டும். நீர்மமாக இருப்பது பாகு என்பது காரணம். நம் வீட்டுப் பாட்டிமாரைக் கேட்டிருந்தால் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்காது.

பெயரில் கார்ன் இருந்தாலாவது கண்டுகொள்ளலாம். டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், சார்பிட்டால் என்று பொட்டலத்தின் பட்டியலில் வருபவை அமெரிக்காவில் பெரும்பாலும் மக்காச்சோளத்தின் பிள்ளைகள்தாம். சிட்ரிக் அமிலம் என்றதும் எலுமிச்சை நினைவுக்கு வரும். அது ஒரு கரும்பூஞ்சைக்குச் சர்க்கரை ஊட்டித் தயாராவது, அங்கே அந்தச் சர்க்கரையும் வழக்கமாக மக்காச்சோளத்திலிருந்து. பொடித்த சர்க்கரை கட்டிதட்டாமலிருக்க மக்காச்சோள ஸ்டார்ச் சேர்க்கிறார்கள். அயோடின் உப்பில்கூடப் பல சமயம் கொஞ்சம் டெக்ஸ்ட்ரோஸ் இருக்கும். கோதுமை, பால், நிலக்கடலை, எள் உட்பட 9 ஒவ்வாமைப் பொருள்களைப் பொட்டலத்தில் தெளிவாகக் குறிக்க அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. மக்காச்சோளம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே அது ஒத்துக்கொள்ளாதவர் இந்தப் பெயர்களையெல்லாம் மனப்பாடம் செய்துதான் கடைக்குப் போக வேண்டும்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? 'மக்கா'வை விடக்கூடாது என்பது என் கட்சி. மக்காச்சோளப் பாகு, மக்காச்சோள எண்ணெய். நீளம்தான், ஆனால் வெறும் 'சோளப் பாகு' என்று எழுதினால் அமெரிக்காவிலேயே இடிக்கும். கென்டக்கி, டென்னசி பக்கம் நம் சோளத்தின் இனிப்பு ரகத் தட்டையைப் பிழிந்து, சாற்றைக் காய்ச்சி நிஜமாகவே சோளப் பாகு செய்கிறார்கள். பாப்கார்னுக்குச் சோளப்பொரி பழகிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம் ஒரு சமையலறை விஷயம். நாம் கோபி மஞ்சூரியனுக்குப் போடும் 'கார்ன்ஃப்ளவர்', விரலிடையில் நசுக்கினால் நெறுநெறுக்கும் அந்த வெள்ளைப் பொடி, பிரிட்டிஷ் பெயரோடு வந்த ஸ்டார்ச். அமெரிக்கர் அதைக் கார்ன்ஸ்டார்ச் என்பார். அவர் குறிப்பில் கார்ன்ஃப்ளவர் என்று இருந்தால், அது மணியை அரைத்த மக்காச்சோள மாவு. பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும்.