கமராவும் காம்பராவும்: ஒரு சொல் விளக்கம்

இலங்கைத் தமிழில் கமரா என்றும் கமெரா என்றும், தமிழகத்தில் கேமரா என்றும் எழுதப்படுகின்ற சொல்லுக்கு மூல மொழியாகிய இலத்தீனில் அறை என்பதே பொருள். ஒளி, படம், கருவி என்று நாம் அதனோடு சேர்த்து நினைக்கின்ற எதுவும் அச்சொல்லின் உள்ளே இல்லை. இலங்கையின் மலையகத்தவர்களுக்கு இதைவிட நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையை லயக் காம்பரா என்று நாம் சொல்லி வருகின்ற காம்பராவும் இதே சொல்தான். ஒரே மூலத்திலிருந்து பிறந்த இரண்டு சொற்கள் இரண்டு வழிகளில், வெவ்வேறு காலங்களில் நம்மிடம் வந்து சேர்ந்து, ஒன்றையொன்று அறியாதவை போல ஒரே வீட்டுக்குள் புழங்கி வருகின்றன. அண்மையில் வீட்டுக்கு வந்த புதிய டிஜிட்டல் கமராவைக் கையில் எடுத்துப் பழகத் தொடங்கியபோது, அதன் உறுப்புகளுக்குத் தமிழில் என்ன பெயர் சொல்வது என்ற கேள்வியே இந்த உறவைத் தேடிப் பார்க்கத் தூண்டியது.

கிரேக்க மொழியில் கமாரா என்றால் வளைந்த கூரையையுடைய இடம். அதை எடுத்துக்கொண்ட இலத்தீன் முதலில் வளைகூரை என்ற பொருளிலும், பிற்காலத்தில் பொதுவாக அறை என்ற பொருளிலும் வழங்கியது. இலத்தீனிலிருந்து பிறந்த போர்த்துக்கேய மொழியில் அது காமரா ஆயிற்று. 1505 இல் இலங்கைக்கு வந்து 1658 வரை கரையோரத்தை ஆண்ட போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்களின் வரிசையில், அலுமாரி, மேசை, கதிரை, ஜன்னல், சாவி, அலவாங்கு ஆகியவற்றோடு காம்பராவும் நிற்கிறது. சிங்களத்தில் அறையைக் குறிக்கும் காமரய என்ற சொல்லும் அதே வழியில் வந்ததுதான். கருவியைக் குறிக்கும் கெமராவ ஆங்கிலத்தின் வழியே வந்தது. ஆகவே இந்த இரட்டைப் பிறப்பு நமக்கு மட்டும் உரியதன்று. தமிழ்க் காம்பராவில் மகரத்தின் பின் ஒரு பகரம் நுழைந்திருப்பதையும் கவனிக்கலாம். இதழ்களை மூடி மகரத்தை ஒலித்துவிட்டு அடுத்த ஒலிக்குப் போகும்போது பகரம் தானாகவே எழுவது இயல்பு. இலத்தீன் சொல் பிரெஞ்சில் ஷாம்ப்ர் என்றும் ஆங்கிலத்தில் சேம்பர் என்றும் மாறியபோது நிகழ்ந்ததும் இதுவே. லயம் ஆங்கில லைனிலிருந்தும், காம்பராவின் முன்னுள்ள திண்ணையாகிய இஸ்தோப்பு ஒல்லாந்தர் மொழியிலிருந்தும் வந்தவை என்பதைச் சேர்த்துப் பார்த்தால், 10 அடிக்கு 12 அடி என்று வழக்கமாகச் சொல்லப்படும் அந்தச் சிறிய இருப்பிடத்தின் பெயருக்குள் மூன்று ஐரோப்பிய ஆட்சிகளும் அடங்கிவிடுகின்றன.

இந்தக் குடும்பத்தில் இன்னும் ஒருவர் இருக்கிறார். தொழிற்சங்க மேடைகளில் தோழர் என்று நாம் மொழிபெயர்த்துக்கொண்ட காம்ரேட் என்ற சொல், ஒரே அறையில் தங்கியிருப்பவர் என்ற பொருளுள்ள ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. நீதிமன்றங்களில் இன் கமரா என்று சொல்லப்படும் விசாரணையும் நீதிபதியின் அறைக்குள், பொதுமக்கள் இல்லாமல் நடப்பது என்றே பொருள்படும். அதைப் படக்கருவியின் முன்னிலையில் நடக்கும் விசாரணை என்று விளங்கிக்கொள்பவர்கள் நேர்மாறான பொருளுக்குப் போய்விடுகிறார்கள்.

அறையின் பெயர் கருவிக்கு எவ்வாறு வந்தது என்பதே அடுத்த கேள்வி. இருண்ட அறையின் சுவரில் சிறு துளை ஒன்று இருந்தால், வெளியேயுள்ள காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். கிறிஸ்துவுக்கு முற்பட்ட சீனத்துத் தத்துவஞானி மோசியின் மரபினர் இதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். 11 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரபு அறிஞர் இப்னு அல்ஹைதம் இதை முறையாக ஆராய்ந்தார். 1604 இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் வானியலாளர் யோகன்னஸ் கெப்ளர் இத்தகைய அமைப்பைக் கமரா ஒப்ஸ்கியூரா, அதாவது இருண்ட அறை, என்று அழைத்தார். பின்னர் அறை சுருங்கி, தூக்கிச் செல்லத்தக்க பெட்டியாயிற்று. பெயரும் சுருங்கி, இருண்ட என்ற அடைமொழி உதிர்ந்து, அறை மட்டும் எஞ்சியது. நம் பாடசாலை விஞ்ஞானத்தில் ஊசித்துளைக் கமரா என்று படித்தது இதன் மிக எளிய வடிவமே. தகரக் கூரையில் ஆணி கழன்ற துளை வழியாகக் காம்பராவின் தரையில் வட்ட வட்டமாக விழுகின்ற வெளிச்சமும் வெறும் வெளிச்சம் அன்று. துளை எந்த வடிவில் இருந்தாலும் அது வட்டமாகவே விழுவதற்குக் காரணம், அது சூரியனின் உருவம் என்பதுதான். 2019 டிசம்பர் 26 ஆம் திகதி சூரிய கிரகணம் நிகழ்ந்த வேளையில் மேகம் விலகியிருந்த தோட்டங்களில் அவ்வட்டங்கள் பிறைகளாக மாறியிருக்கும். காம்பராவே கமராவாக இயங்குவதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

ஒளியால் விழுந்த உருவத்தை நிலைக்கச் செய்யும் வழி 19 ஆம் நூற்றாண்டில்தான் கைகூடியது. பிரான்ஸின் நியெப்ஸ் 1820களில் தம் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த காட்சியைத் தகடொன்றில் பதித்தார். 1839 இல் டகேர் தம் படம்பதிக்கும் முறையை உலகுக்கு அறிவித்தார். மலையகத்துக்கு இந்த வரலாற்றோடு உள்ள தொடர்பு பொகவந்தலாவையில் இருக்கிறது. அங்குள்ள சென் மேரிஸ் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் ஜூலியா மார்கரெட் கமரன், ஒளிப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர். 1815 இல் கல்கத்தாவில் பிறந்த அவருக்கு 48 வயதில், 1863 இன் இறுதியில், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தார்கள். இங்கிலாந்தில் தம் வீட்டு நிலக்கரிக் கொட்டிலை இருட்டறையாகவும், கோழிக் கூட்டைக் கண்ணாடி வேய்ந்த படப்பிடிப்புக் கூடமாகவும் அவர் மாற்றிக்கொண்டார். கணவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கு 1875 இல் குடிபெயர்ந்தார். 1879 இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் காலமானார். கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, அது உலருமுன் படமெடுத்து, உலருமுன் கழுவி முடிக்கவேண்டிய முறையில் வேலை செய்தவர் அவர். ஆகவே கருவி என்ற அறையும் கழுவுவதற்கான அறையும் எப்போதும் அருகருகே இருக்கவேண்டியிருந்தது. அவருடைய குடும்பப் பெயர் ஸ்கொட்லாந்துக் குலப்பெயர். கமராவோடு அதற்கு எந்த உறவும் இல்லை. ஒலியொற்றுமையைக் கண்டு சொல்லாராய்ச்சி செய்பவர்கள் விழக்கூடிய பள்ளங்களில் இதுவும் ஒன்று.

இன்றைய கருவிக்கு வருவோம். இப்போது பெரிதும் விற்கப்படுவது, உள்ளே நிலைக்கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகை. முந்திய வகையில் வில்லைக்கும் (லென்ஸ்) படம் பதியும் தளத்துக்கும் நடுவே சாய்வாக ஒரு தளவாடி, அதாவது தட்டையான கண்ணாடி, நின்று, காட்சியை மேலே கண்ணுக்குத் திருப்பி அனுப்பும். படமெடுக்கும் கணத்தில் அது சட்டென்று மேலெழுந்து வழிவிடும். அந்த ஆடிக்கு இடம் தேவைப்பட்டதால் அறையும் ஆழமாக இருந்தது. நிக்கோன் நிறுவனம் 1959 முதல் வழங்கிய எஃப் என்னும் வில்லைப் பொருத்தியில் (மவுண்ட்) வில்லை அமரும் வளையத்துக்கும் படத்தளத்துக்கும் இடைப்பட்ட தூரம் 46.5 மில்லிமீற்றர், ஆடி நீங்கிய பின் 2018 இல் வந்த இசட் பொருத்தியில் அது 16 மில்லிமீற்றர். கையில் எடுத்தவுடன் தெரிகின்ற முதல் வேறுபாடு இந்த மெலிவுதான். வில்லையைக் கழற்றியதும் ஒளியைப் பதியும் உணரி உடனே பளபளப்பாகக் கண்ணில் படுவதும், அழுத்தும்போது எழும் ஒலி பழைய கமராவினதைவிட மிகத் தணிந்திருப்பதும் அதன் விளைவுகளே. இந்த வகையைக் கண்ணாடியில்லாக் கமரா என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்கவில்லை. முகம் பார்ப்பதும், ஜன்னலில் பதிப்பதும், மூக்கில் அணிவதும் தமிழில் கண்ணாடியே ஆதலால், வில்லையே இல்லாத கமரா என்று ஒருவர் விளங்கிக்கொள்ள இடமுண்டு. நம் பாடநூல்கள் காப்பாற்றி வைத்திருக்கும் ஆடி என்ற பழந்தமிழ்ச் சொல் இங்கே கைகொடுக்கிறது. ஆடியில்லாக் கமரா என்றால் ஐயத்துக்கு இடமில்லை. ஆடி மாதத்தை யாரும் நினைத்துக்கொள்ளாதவரை.

டிஜிட்டல் என்ற அடைமொழியின் வேர் இலத்தீனில் விரலைக் குறிக்கும் டிஜிடுஸ். விரலால் எண்ணியதால் விரலின் பெயர் எண்ணின் உறுப்புக்கு ஆயிற்று. விரல்விட்டு எண்ணுதல் என்ற தொடரைத் தன் பேச்சில் வைத்திருக்கும் தமிழருக்கு இது விளங்காததன்று. கமராவில் அடைமொழியின் பொருள் இதுதான்: உணரியில் வரிசையாக அமைந்த ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் விழுந்த ஒளியின் அளவை ஓர் எண்ணாக ஒப்படைக்கிறது. 1975 இல் கொடக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதற்கருவி 100க்கு 100 ஆக 10,000 புள்ளிகளை மட்டுமே கொண்டிருந்தது. ஒரு படத்தைக் கசெற் நாடாவில் பதிய 23 செக்கன்கள் எடுத்தது. அதன் எடை 3.6 கிலோகிராம். இன்று சாதாரணமாகக் கிடைக்கின்ற 24 மெகாபிக்சல் கமராவில் 6000க்கு 4000 ஆக 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள் உள்ளன. இதற்கு இணையாகத் தமிழ் இணையத்தில் எண்ணிம என்ற சொல்லும் இலங்கையில் இலக்கமுறை என்ற சொல்லும் புழங்குகின்றன. எண் தனித்தமிழ் என்பதால் முதலாவதற்கு ஒரு தகுதி உண்டு. ஆனால் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் என்று தோட்டத்திலுள்ள எல்லோரும் நாளாந்தம் பேசுகின்ற நாட்டில், இலக்கமுறைக் கமரா என்பதற்கு விளக்கவுரை தேவைப்படுவதில்லை. நான் அதையே எழுதுகிறேன்.

கமராவுக்கே உரிய தமிழ்ச் சொல் எது என்பதில்தான் கருத்து வேறுபாடு மிகுதி. புகைப்படக் கருவி என்பது மிகவும் பரவியது. மக்னீசியப் பொடியைக் கொளுத்திப் புகையெழ வெளிச்சம் உண்டாக்கிய காலத்தை அதற்குக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. எதுவானாலும் இன்றைய கருவியில் புகை இல்லை. தலவாக்கலைப் பக்கம் மாலையில் மூடுபனி இறங்கிய பின் எடுக்கும் படங்களுக்கு மட்டும் அப்பெயர் பொருந்தலாம். நிழற்படம் என்பதை நிழல் ஒளிக்கு எதிரானது என்று கூறித் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் பழந்தமிழில் நிழலுக்குப் பிரதிபிம்பம் என்றும் ஒளி என்றும் பொருள் உண்டு என்பதால், அது அவ்வளவு எளிதாகத் தள்ளத்தக்க சொல்லன்று. ஒளிப்படம் என்பதோ, 1839 இல் ஜோன் ஹேர்ஷல் எடுத்து வழங்கிய, ஒளியால் வரைதல் எனப் பொருள்படும் போட்டோகிராபி என்ற சொல்லோடு நேராக இசைகிறது. எழுத்துத் தமிழுக்கு ஒளிப்படக் கருவி என்பதே தக்கது என்பது என் முடிவு. பேச்சில் கமரா இருக்கட்டும். காம்பராவை நாற்றிசையிலும் பேசிவிட்டு அதன் உடன்பிறப்பை மட்டும் அந்நியம் என்று விலக்குவது நியாயமாகாது. படப்பெட்டி என்ற சொல்லையும் நான் விரும்புகிறேன், ஏனெனில் மூலச்சொல்லில் உள்ள அறையின் சாயல் அதில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஆயினும் பழைய படங்களைப் போட்டு வைக்கும் பெட்டி என்று வீட்டுப் பெரியவர்கள் விளங்கிக்கொள்வதைத் தடுக்க முடியாது.

உறுப்புகளின் பெயர்களில் வில்லை பழுதற்றது. லென்ஸ் என்பது இலத்தீனில் நம் சமையலறை மைசூர்ப் பருப்பின் பெயர். வடிவ ஒற்றுமையால் கண்ணாடிக்கு ஏறியது. தட்டையான வட்டத் துண்டைக் குறிக்கும் வில்லை என்ற தமிழ்ச்சொல்லும் வடிவத்தையே பற்றியதால், மருந்து வில்லைக்கும் கமரா வில்லைக்கும் ஒன்றாகவே உதவுகிறது. போக்கஸ் என்பதற்கு இலத்தீனில் அடுப்பு என்று பொருள். ஒளி குவிந்து சுடுகின்ற புள்ளிக்கு அப்பெயரை இட்டவரும் அதே கெப்ளர், அதே 1604 இல். அறைக்குள் அடுப்பு இருப்பது முறைதானே. தமிழில் அதைக் குவியம் என்கிறோம். குவி என்ற வினை உள்ளே இருப்பதால் சிறுவர்களுக்கும் விளங்குகிறது. ஒளியை உள்ளே விட்டு மூடுகின்ற ஷட்டருக்கு மட்டும் நிறைவான சொல் இன்னும் அமையவில்லை.

படத்தளத்தில் விழும் ஒளியின் அளவாகிய எக்ஸ்போஷர் என்பதற்கு வெளிப்பாடு, திறந்துகாட்டல் என்றெல்லாம் எழுதப்படுகிறது. ஒளிபடல் என்பது போதும். கமரா கணித்த அந்த அளவை நாம் கூட்டிக் குறைக்கின்ற கொம்பன்சேஷன் என்பதற்கு ஈடு என்று வைக்கலாம். வேலையாளர் நட்டஈட்டை அறிந்தவர்களுக்கு அச்சொல் புதிதன்று. மலையகத்தில் புதிய கமராவை வாங்கியவர் முதலில் தேடவேண்டிய பொத்தானும் இந்த ஒளிபடல் ஈட்டுக்கு உரியதே. தன்முன் உள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருக்கும் என்ற கணிப்பிலேயே கமராவின் ஒளிமானி பொதுவாக இயங்குவதால், வெண்மையான மூடுபனியைக் கண்டதும் வெளிச்சம் மிகுதி என்று எண்ணி அதைக் குறைத்து, மலையையும் பனியையும் அடுப்புச் சாம்பலின் நிறத்துக்கு இறக்கிவிடுகிறது. ஆடியில்லாக் கமராவில் இந்த இருள்வு படமெடுக்கும் முன்னரே பார்வைத் திரையில் தெரிந்துவிடும். ஈட்டை +1 க்கு ஏற்றினால் ஒளி இரண்டு மடங்காகிப் பனி வெண்மைக்குத் திரும்புகிறது. பனி அடர்ந்த வேளையில் வேறுபாடு காட்டும் விளிம்பு எதுவும் அகப்படாமல் தானியங்கிக் குவியம் முன்னும் பின்னும் அலையும்; அப்போது அருகிலுள்ள நிழல் மரத்தின் தண்டில் குவித்து, பொத்தானைப் பாதி அழுத்தத்தில் பிடித்தபடியே படத்தை அமைத்துக்கொள்ளலாம்.