இன்வர்: ஆறு புகும் இடம்

ஸ்காட்லாந்து வரைபடத்தை விரித்தால் இன்வர்னஸ், இன்வரேரி, இன்வரூரி என்று 'இன்வர்' திரும்பத் திரும்பக் கண்ணில் படும். இது ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கின் சொல். ஓர் ஆறு கடலிலோ இன்னோர் ஆற்றிலோ சேரும் இடம் என்று பொருள். நெஸ் ஆறு கடலைத் தொடும் இடம் இன்வர்னஸ்.

கேலிக் எழுத்தில் இந்தச் சொல்லில் 'வி' கிடையாது. 'பி', 'எச்' இரண்டையும் சேர்த்து எழுதுவார்கள். அந்தக் கூட்டுக்கு வகர ஒலி. காதில் விழுந்ததை ஆங்கில முறையில் எழுதியவர்கள் 'வி' போட்டுவிட்டார்கள். சொல்லைப் பிரித்தால் 'உள்ளே', 'கொண்டு செல்' என்ற இரண்டு வேர்கள் கிடைக்கும். அபர்டீன், அபர்ஃபெல்டி ஆகியவற்றில் வரும் 'அபர்' இதன் உறவுச் சொல்தான், பொருளும் ஒன்றுதான். ஆனால் அது கேலிக்குக்கு முன்பு அங்கே வாழ்ந்த பிக்ட் மக்களின் பேச்சிலிருந்து வந்தது. வேல்ஸில் அபரிஸ்ட்வித் என்ற ஊர் இருப்பதும், அந்தப் பேச்சும் வேல்ஸ் மொழியும் உறவு என்பதால்தான்.

எழுத்து விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இன்வரூரியின் கதை. யூரி ஆறு டான் ஆற்றோடு கலக்கும் இடத்தில் இருக்கிற சிறு நகரம் அது. முன்பு அதன் பெயர் ஆங்கிலத்தில் 'ஒய்' என்ற எழுத்தில் முடிந்தது. மேற்குக் கரையில் இருக்கும் இன்வரேரியோடு அடிக்கடி குழம்பியதால், 1866-இல் அந்த 'ஒய்'யை எடுத்துவிட்டு 'ஐ', 'இ' என்ற இரண்டு எழுத்துகளைப் போட்டார்கள். ஏர், நேர்ன் என்ற ஊர்களோ ஆங்கிலத்தில் 'இன்வர்' என்ற முன்பகுதியையே இழந்துவிட்டன. கேலிக்கில் இன்றைக்கும் அதைச் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? முகத்துவாரம் என்பது பழக்கமான சொல்தான், ஆனால் வடமொழிச் சொல். கழிமுகம் என்றால் உப்பங்கழி நினைவுக்கு வருகிறது. என் தேர்வு 'புகார்'. காவிரி கடலில் புகும் இடத்திலிருந்த பட்டினத்துக்கே அந்தப் பெயர் இருந்தது. 'உள்ளே செல்வது' என்ற கருத்து இரண்டு சொற்களிலும் அப்படியே இருக்கிறது. முறையீடு என்ற பொருளில் இன்று வழங்கும் 'புகார்' வேறு, அது வெளியிலிருந்து வந்த சொல். இன்வரூரி போல ஆறும் ஆறும் கலக்கும் இடத்துக்கு மட்டும் புகார் பொருந்தாது. அதற்குக் 'கூடல்' இருக்கிறது, பவானிக்காரர்கள் சொல்லும் 'கூடுதுறை'யும் இருக்கிறது.