நெல் குலைநோய்: எதிர்ப்பு மரபணுவைக் கணினி தேடும் விதம்

"நோய் எதிர்ப்பு மரபணுக்களை இனி செயற்கை நுண்ணறிவே கண்டுபிடித்துவிடுமாமே?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பாதி வேலையைச் செய்யும்.

நெல்லில் ஏறத்தாழ 40,000 மரபணுக்கள். என்.எல்.ஆர். என்ற எதிர்ப்புப் புரதக் குடும்பத்துக்கு உரியவை சுமார் 500. புரத வரிசையை முதலில் எண்களாக்க வேண்டும். 20 அமினோ அமிலங்கள், அவை அடுத்தடுத்து வரும் 400 இணைகள் ஆகியவற்றின் விழுக்காட்டை எடுப்பது பழைய வழி. இப்போது ஈ.எஸ்.எம்.-2 போன்ற, புரத வரிசைகளைப் படித்துப் பழகிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் ஒரு புரதத்துக்கு 1,280 எண்கள் தருகின்றன. எவை எதிர்ப்புப் புரதம், எவை இல்லை என்று குறித்துக் கொடுத்தால் நிரல் பழகிக்கொள்ளும்.

அந்த 500இல் 95 விழுக்காட்டைப் பிடித்து, மற்றவற்றில் 2 விழுக்காட்டை மட்டும் தவறாகச் சேர்க்கும் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். சரியானவை 475, தவறானவை 790. மொத்த 40,000இல் 98 விழுக்காட்டைச் சரியாகப் பிரித்துவிட்டதால் துல்லியம் 98 விழுக்காடு என்று விளம்பரப்படுத்தலாம். ஆனால் பட்டியலில் பாதிக்கு மேல் பதர். இன்னொரு கோளாறு: என்.எல்.ஆர். மரபணுக்கள் நகலெடுத்துப் பெருகியவை. புரதங்களைப் பயிற்சிக்கு, தேர்வுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு பிரித்தால் பயிற்சியில் பார்த்த புரதத்தின் உடன்பிறப்பே தேர்விலும் வரும்; மதிப்பெண் பொய்யாக உயரும். ஒற்றுமை 40 விழுக்காட்டுக்கு மேலுள்ளவற்றைக் குழுவாக்கி, முழுக் குழுவையும் ஒரே பக்கம் வைப்பதுதான் முறை.

எனக்குப் பிடித்த இடம் 11ஆம் குரோமோசோமில் ஒட்டியே இருக்கும் ஆர்.ஜி.ஏ.4, ஆர்.ஜி.ஏ.5 என்ற என்.எல்.ஆர். மரபணு இணை. ஆர்.ஜி.ஏ.4 தனியாக இருந்தால் செல்லையே கொன்றுவிடும்; ஆர்.ஜி.ஏ.5 அதை அடக்கி வைத்திருக்கிறது. ஆர்.ஜி.ஏ.5இன் வால் முனையில் எச்.எம்.ஏ. என்றொரு துண்டு உண்டு. குலைநோயை உண்டாக்கும் பூஞ்சை செல்லுக்குள் அனுப்பும் புரதங்கள் குறிவைக்கும் நெல் புரதங்களின் சாயல் அதற்கு. தூண்டில் புழு என்று தெரியாமல் பூஞ்சையின் புரதம் அதில் போய் ஒட்ட, அடக்குமுறை விலகுகிறது. தொற்றிய செல் செத்துப் பூஞ்சையையும் முடக்குகிறது.

கோயம்புத்தூரில் உருவான கோ 39 ரகத்தில் இந்த இணை இருக்கிறது. இந்த இணை அடையாளம் காணும் பூஞ்சைப் புரதம் ஒன்றுக்கு ஏ.வி.ஆர்.1-கோ39 என்று பெயர் வந்ததும் அதனால்தான். ஆனால் நெல்லைத் தாக்கும் பெரும்பாலான பூஞ்சை வகைகளில் அந்தப் புரதமே கிடையாது. அதனால் குலைநோய்ச் சோதனைகளில் எளிதில் நோய்ப்படும் ஒப்பீட்டு ரகமாகவே கோ 39 பயன்படுகிறது! நிரல் இந்த மரபணுவுக்கு 'எதிர்ப்பு' என்று முத்திரை குத்தும், அது தவறுமில்லை. எந்தப் பூஞ்சைக்கு எதிர்ப்பு என்பதை மட்டும் சொல்லாது.

மறுபக்கமும் உண்டு. பாக்டீரியா இலைக்கருகலைத் தடுக்கும் எக்ஸ்.ஏ.13 சர்க்கரை கடத்தும் புரதத்துக்கான மரபணுவின் மாறிய வடிவம். என்.எல்.ஆர். ஜாடையே இல்லை; அந்தக் குடும்பத்தை மட்டும் பார்த்துப் பழகிய நிரலிடம் சிக்காது.

ஆக, பட்டியல் வந்த பிறகு பழைய வேலைதான். மூன்று, நான்கு இலைப் பருவ நாற்றில் மில்லிக்கு 1 லட்சம் பூஞ்சை வித்துகள் கொண்ட கரைசலைத் தெளித்து, 24 மணி நேரம் இருட்டிலும் நிறைந்த ஈரப்பதத்திலும் வைத்து, ஏழாம் நாள் புள்ளிகளுக்கு மதிப்பெண் போட வேண்டும். அதுவும் ஒரே பூஞ்சை வகையோடு நிறுத்தினால் கோ 39 கதைதான். நிரல் எழுதுவதற்குக் கிடைக்கும் நிதியில் ஒரு பங்காவது இந்தக் கண்ணாடிக் கூடங்களுக்கும், பல ஊர்ப் பூஞ்சைகளைச் சேகரித்து வைக்கும் ஆய்வகங்களுக்கும் போக வேண்டும் என்பேன்.