ஏஎம்இ படிப்பு: சர்டிபிகேட் வேறு, லைசென்ஸ் வேறு

போன வருடம் ஒரு பையன் தன் லாக்புக்கை, அதாவது விமானத்தில் பார்த்த வேலையைக் குறித்துவைக்கும் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினான். ஏஎம்இ என்கிற விமானப் பராமரிப்புப் படிப்பு முடித்தாயிற்று. கட்டணம் கட்ட அப்பா நிலத்தை விற்றிருக்கிறார். புரட்டினால் ஆறு மாத வேலையும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியது. 'விடி' என்று தொடங்கும் விமானப் பதிவெண்ணுக்கான கட்டம் பாதிக்கு மேல் காலி. "அப்புறம் எழுதிக்கலாம்னு சொன்னாங்க சார்" என்றான்.

வேலை முடிந்த விமானத்தை 'பறக்கலாம்' என்று கையெழுத்துப் போட்டு விட, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவின் லைசென்ஸ் வேண்டும். அதற்கான விதி கார்-66 (CAR-66). மாட்யூல் தேர்வுகளை, அதாவது பாடவாரித் தேர்வுகளை, டிஜிசிஏதான் நடத்தும். ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுக்க வேண்டும். கூடவே ஓடுகிற விமானத்தில் வேலை பார்த்த அனுபவம். இன்ஸ்டிடியூட் தருவது படிப்பு முடித்த சான்றிதழ் மட்டும்.

முதல் கோட்டை விடுவது பிளஸ் டூவிலேயே. இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். மேத்ஸ் இல்லாத பயாலஜி குரூப்காரர்களிடம் "பார்த்துக்கலாம்" என்று அட்வான்ஸ் வாங்குகிறவர்கள் உண்டு, நம்பாதீர்கள். ஏரோநாட்டிக்கல் பி.இ. முடித்தால் லைசென்ஸ் தானாக வரும் என்று நினைப்பவர்களும் நிறைய. வராது. ஏஎம்இயோடு சேர்த்துத் தரும் பி.எஸ்சி. பட்டமும் அப்படித்தான், அது தனி, லைசென்ஸ் தனி.

'டிஜிசிஏ அங்கீகாரம் பெற்றது' என்று போர்டில் எழுதியிருப்பதை வைத்துப் பணம் கட்ட வேண்டாம். டிஜிசிஏ இணையதளத்தில் கார்-147 நிறுவனங்களின், அதாவது அந்த விதிப்படி அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. பெயர் இருந்தால் போதாது. நீங்கள் சேரும் பிரிவுக்கு, அதாவது இன்ஜின், பாடி பக்கமான பி1.1-க்கோ ஏவியானிக்ஸ் (விமான மின்னணு) பக்கமான பி2-வுக்கோ, அனுமதி இருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். அங்கீகாரம் பெற்ற படிப்பு முடித்தவருக்கு இந்தப் பிரிவுகளில் 2 வருட அனுபவம் போதும். முன்பயிற்சி எதுவும் கணக்கில் வராவிட்டால் 5 வருடம். ஒரு போர்டை நம்பியதற்கு மூன்று வருடம் அபராதம். சேர்க்கைக்கு டிஜிசிஏ நுழைவுத் தேர்வு எதுவும் நடத்துவதில்லை. 'ஆல் இந்தியா ரேங்க், கட்டணச் சலுகை' என்று போன் வந்தால் அது அரசாங்கத் தேர்வு இல்லை.

அனுபவத்துக்கு வருவோம். பயிற்சி எந்த ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்), எந்த விமானத்தில், எத்தனை மாதம் என்று சேரும்போதே எழுத்தில் கேளுங்கள். வராண்டாவில் நிற்கும் ஓடாத பழைய விமானம் இந்தக் கணக்கில் சேராது. லாக்புக்கை அன்றன்றே எழுதி, பொறுப்பான இன்ஜினியரிடம் அன்றே கையெழுத்து வாங்குங்கள். அவர் கம்பெனி மாறிப் போனபின் தேடி அலைவது பெரும்பாடு. அந்தப் பையன் மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறான்.

லைசென்ஸ் வந்த பிறகும் ஏர்பஸ் ஏ320 மாதிரி விமானத்தில் கையெழுத்துப் போட அந்த ரகத்துக்கென்று தனியாகப் பெறும் தகுதியான டைப் ரேட்டிங் வேண்டும். அதன் செலவை முதல் நாளே யாரும் சொல்வதில்லை. வீட்டுக் கணக்கில் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக வங்கி. "இது யுஜிசி கோர்ஸ் இல்லையே" என்று திருப்பி அனுப்புவார்கள். வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் டிஜிசிஏ அங்கீகரித்த படிப்புகள் பெயர் சொல்லியே இருக்கின்றன. "உங்கள் ஊர் எங்கள் கிளையில் வராது" என்பதும் செல்லாது. அதைக் காரணமாகச் சொல்லக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 4 லட்சம் வரை சொத்து ஜாமீனும் கேட்கக்கூடாது. மறுத்தால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே இறங்கி வருவார்கள். கடன் கிடைத்தாலும் ஒரு கணக்கு இடிக்கும்: தவணை விடுப்பு பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்குமேல் ஒரு வருடமும்தான். உங்கள் அனுபவ வருடங்கள் முடியும் முன்பே இஎம்ஐ தொடங்கிவிடும். பயிற்சிக் காலத்தையும் படிப்பாக எழுத முடியுமா என்று கையெழுத்துப் போடும் முன் மேனேஜரிடம் கேட்டு, பதிலைக் கடன் அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.