செருப்பு கழன்றதே தெரியவில்லையா?

எங்கள் பிசியோதெரபி கிளினிக்கில் ஆளைப் பார்ப்பதற்கு முன்பே வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்துவிடுவது என் பழக்கம். போன வாரம் ஒரு ஜோடி கிடந்தது. குதிகால் பக்கம் புதுசு மாதிரி இருக்க, முன்நுனி மட்டும் தேய்ந்து, வலதில் ஓட்டையே விழுந்திருந்தது. பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுத்து நடப்பவரின் செருப்பு.

செருப்புக்காரருக்கு மளிகைக் கடை, பல வருடச் சர்க்கரை. "நடக்கும்போது செருப்பு எங்கேயோ கழன்றுடுது மேடம், வீட்டுக்கு வந்தாத்தான் தெரியுது" என்றார். பத்து மாதமாக வாரம் ஒரு 'நரம்பு ஊசி' போட்டுக்கொண்டிருக்கிறார். இந்த மாதத்தில் இப்படி வந்த நான்காவது ஆள்.

நரம்பு பாதித்திருக்கிறது என்றேன். வேட்டியை ஒதுக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார். "நரம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, பாருங்க, எப்படிப் புடைச்சுக்கிட்டு நிக்குது!"

ஐயா, அது ரத்தக்குழாய். புறங்கையில் பச்சையாகத் தெரிவதை நரம்பு என்கிறோம், நர்ஸ் ஊசி போடத் தேடுவதையும் நரம்பு என்கிறோம், குதிகாலுக்கு மேல் கயிறு மாதிரி இருக்கும் தசைநாணையும் நரம்பு என்கிறோம். நான் சொல்லும் நரம்பு இதில் எதுவுமில்லை. அது உள்ளே ஓடும் ஒயர், வெளியே தெரியாது. 'தூக்கு' என்ற கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகும், 'கல் குத்துது' என்ற சேதியை மூளைக்குக் கொண்டுவரும். இதில் தளர்வதற்கும் எதுவுமில்லை, எண்ணெய் தேய்த்து நீவி முறுக்கேற்றவும் எதுவுமில்லை. 'நரம்புத் தளர்ச்சி' என்ற வார்த்தையை யார் கண்டுபிடித்தார்களோ, கையில் கிடைத்தால் விடமாட்டேன்.

சரி, ஊசி? அதில் இருப்பது பெரும்பாலும் பி12, பி6 மாதிரி வைட்டமின்கள். பி12 குறைந்தால் நரம்பு கெடும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு அது குறையக்கூடும். ரத்தத்தில் பார்த்து, குறைவென்றால் போடுங்கள், அது வைத்தியம். பார்க்காமலே போட்டால் காலம்தான் போகும். இன்னொன்று, பி6 அளவுக்கு மீறி நீண்ட நாள் உள்ளே போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

காரணம் சர்க்கரையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. மது, தொழுநோய், பரம்பரை என்று பல உண்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் உறையை அரிக்கும் சிஐடிபி என்ற நோயும் உண்டு. இரண்டு மாதத்துக்கு மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாது, பஸ் படியில் கால் ஏறாது. சீக்கிரம் பிடித்தால் பலருக்கு மருந்தில் நன்றாகவே தேறும். பத்து மாத ஊசி எதைத் தின்றுவிடும் என்று இப்போது புரிகிறதா? நரம்பியல் மருத்துவரிடம் போங்கள், நரம்பில் சேதி சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை செய்யச் சொன்னால் செய்துவிடுங்கள். ஒரு சில நாளில் கால் வேகமாக விழுந்துபோனாலோ, சிறுநீர் அடைத்தாலோ கிளினிக் எல்லாம் வேண்டாம், நேரே பெரிய ஆஸ்பத்திரி.

மளிகைக்கடைக்காரர் கிளம்பும்போதுதான் ஒன்று சொன்னார். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் இரண்டு முறை பாத்ரூமில் விழுந்திருக்கிறார். பாதம் மரத்துப்போனபின், தரை எங்கே என்று கண்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணை மூடினால் அதுவும் போச்சு. ராத்திரி கரண்ட் போனாலும் இதே கதைதான்.

அதனால் உட்கார்ந்து குளியுங்கள். சுவரில் கம்பி பதியுங்கள், துண்டு போடும் கம்பியைப் பிடித்துத் தொங்காதீர்கள். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை விடிவிளக்கு. ஹவாய் செருப்பு வேண்டாம், பின்வார் வைத்ததுதான். மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கூடாது, கொப்பளித்தபின்தான் சூடு தெரியும். உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலில் சுற்றுவதையும் தயவுசெய்து விடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. மணிக்கணக்கில் குத்துக்கால் வைத்து உட்காராதீர்கள், முழங்காலுக்குக் கீழே வெளிப்புற எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு நசுங்கும். படுத்தே கிடந்தால் இருக்கிற தசையும் கரையும், சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்யுங்கள்.

அப்புறம் கணுக்காலோடு பாதத்தில் மாட்டும் அந்தப் பட்டை, ஏஎஃப்ஓ. பாதம் தொங்காமல் தாங்குவதற்காகத் தருகிறோம். "நாலு பேர் பார்ப்பாங்க" என்று அதை பீரோவில் வைக்கிறீர்கள். இடுப்பெலும்பு உடைந்து ஸ்ட்ரெச்சரில் போனாலும் அந்த நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள். கழற்றும்போது தோல் சிவந்திருக்கிறதா என்று மட்டும் தினமும் பாருங்கள்.

அடுத்த முறை வரும்போது புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு வராதீர்கள். தேய்ந்ததை அப்படியே கொண்டுவாருங்கள்.